பாதியில் நின்ற கூடுகள்

பறவைகளைப் போலக் கவலையற்று வாழ வேண்டும் என்று அறிவுரை சொல்பவர்கள், பெரும்பாலும் ஒரு பறவையை ஒரு மணி நேரம் தொடர்ந்து பார்த்திருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம். பணி ஓய்வு பெற்ற பிறகு, பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மதுராந்தகத்தைச் சுற்றியுள்ள ஏரிக்கரைகளிலும் வயல் வரப்புகளிலும் அலைவதை வழக்கமாக்கிக்கொண்டவன் நான். ஒரு பறவையின் பகல் பொழுது எத்தனை பரபரப்பும் அச்சமும் இழப்பும் நிறைந்தது என்பது எனக்குச் சிறிது சிறிதாகத்தான் விளங்கியது. தலையைத் திருப்பாமல், சுற்றிலும் பார்க்காமல், நிம்மதியாக நான்கு வாய் தின்னும் பறவையை நான் இன்னும் காணவில்லை. ஆகவே அவற்றிடமிருந்து ஏற்றுக்கொள்ளும் மனத்தைக் கற்றுக்கொள்ளலாம் என்று யாரேனும் சொன்னால், முதலில் எனக்குச் சந்தேகமே வரும். ஆனாலும் அந்தப் பேச்சை முழுவதுமாகத் தள்ளிவிடவும் முடியவில்லை. பார்க்கப் பார்க்க ஏதோ ஒன்று எனக்குள் இளகியிருக்கிறது என்பது உண்மை. அது எது, எங்கிருந்து வந்தது என்பதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

தூக்கணாங்குருவியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நான் மிக அருகிலிருந்து பார்த்தது அதைத்தான். எங்கள் ஊர்ப்புறத்தில் பாசனக் கிணறு ஒன்றின் மேல் சாய்ந்து நிற்கும் பனைமரத்தில் ஒவ்வொரு பருவமும் கூடுகள் தொங்கும். தொலைவிலிருந்து பார்ப்பவர்களுக்கு எல்லாமே கூடுகள்தான். அருகில் போய் அண்ணாந்து பார்த்தால், அவற்றில் கணிசமானவை முடிக்கப்படாதவை என்பது தெரியும். மேல்பகுதி மட்டும் பின்னப்பட்டு, அடியில் குறுக்கே ஒரு புல் வளையம் மட்டும் தொங்க, முட்டை வைக்கும் அறையும் இல்லாமல், நுழையும் நீண்ட குழலும் இல்லாமல் நிற்பவை அவை. இந்தப் பாதிக் கூடுகள் சோம்பேறிக் குருவிகளின் வேலை அல்ல. ஆண் குருவி வேண்டுமென்றே அந்த நிலையில் நிறுத்திவிட்டுப் பெண் குருவிகளை அழைக்கிறது. குறுக்கு வளையத்தில் தொங்கிக்கொண்டு, இறக்கைகளை அடித்து, கூட்டமாகச் சேர்ந்து இரைகிறது. பெண் வந்து உள்ளே புகுந்து, பின்னலை அலகால் இழுத்து, திரும்பிப் பார்த்து, பிடித்திருந்தால் தங்கும். தங்கிய பிறகுதான் ஆண் குருவி மீதிக் கூட்டை முடிக்கும். பிடிக்காவிட்டால் அந்தக் கூடு பாதியிலேயே நின்றுவிடும்.

பாதிக் கூட்டுக்கே ஆண் குருவி ஏறத்தாழ ஒரு வாரம் செலவிடுகிறது. நெல் தாளிலிருந்தோ பனையோலையிலிருந்தோ நீண்ட நார் ஒன்றை அலகால் கிழித்தெடுத்துப் பறந்து வந்து, ஒரு நுனியைக் காலால் அழுத்திக்கொண்டு மறு நுனியைக் கோத்து முடிச்சிட வேண்டும். ஒரு கூட்டை முடிக்க இப்படி நூற்றுக்கணக்கான முறை போய் வர வேண்டியிருக்கிறது. இத்தனையும் செய்த பிறகு, பெண் குருவி வந்து சில நொடிகளில் பறந்து போய்விடும்.

நான் பார்த்த ஒரு குருவிக்கு அப்படித்தான் நடந்தது. தலையில் மஞ்சள் நன்றாக ஏறிய ஆண். கிணற்றுக்கு நேர் மேலே தொங்கிய ஓலையில் அல்லாமல், மரத்தின் உட்புறம் தண்டுக்கு அருகில் அதற்கு இடம் கிடைத்திருந்தது. பெண்கள் வந்தன, புகுந்து பார்த்தன, போயின. அந்தக் குருவி இறக்கையடித்து அழைத்துக்கொண்டே இருந்தது. மறுநாள் காலையில் நான் போனபோது, அதே பனையின் வேறோர் ஓலை நுனியில் புதிதாக ஒரு நாரைச் சுற்றிக்கொண்டிருந்தது. காலில் ஆய்வாளர்கள் மாட்டும் அடையாள வளையம் எதுவும் இல்லாத குருவி என்பதால், முந்தைய நாள் பார்த்ததுதான் அது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் பழைய பாதிக் கூட்டில் யாரும் இல்லை, புதிய ஓலையில் வேலை நடந்துகொண்டிருந்தது. பழைய கூட்டை அது அவிழ்க்கவும் இல்லை, அதன் மேல் உட்கார்ந்து அழைப்பதைத் தொடரவும் இல்லை. சில வாரங்களில் அந்தக் கைவிடப்பட்ட கூட்டுக்குள் சில்லைக் குருவிகள் போய் வரத் தொடங்கின. பிறர் கட்டி விட்டுப்போன தூக்கணாங்கூட்டில் சில்லைகள் குடியேறுவது சாதாரணமாக நடப்பதுதான்.

இந்தக் குருவியின் குடும்ப வாழ்க்கையை முதலில் விளக்கமாக எழுதியவர் பறவையியலாளர் சாலிம் அலி. இன்றைய மகாராஷ்டிரத்தில் உள்ள கிஹிம் கடற்கரைக் கிராமத்தில் தம் வீட்டருகே இருந்த கூடுகளைப் பார்த்துக்கொண்டிருந்து, ஓர் ஆண் ஒரு பெண்ணுக்குக் கூட்டை முடித்துக் கொடுத்த கையோடு அடுத்த கூட்டைத் தொடங்கி அடுத்த துணையைத் தேடுகிறது என்பதை அவர் கண்டு 1931-இல் எழுதினார். வேலை கிடைக்காமல் இருந்த காலத்தில் அவருக்கு அமைந்த வேலை அது என்பதும் இங்கே நினைவுகூரத் தக்கது. பின்னாளில் நடந்த ஆய்வுகள் மற்றொன்றையும் காட்டின. பெண் குருவி தேர்ந்தெடுக்கும்போது, நெசவின் நேர்த்தியைக் காட்டிலும் கூடு தொங்கும் இடமே பெரிதாகக் கணக்கில் கொள்ளப்படுகிறது. நன்றாகப் பின்னினாலும் தவறான கிளையில் பின்னியிருந்தால் பயனில்லை.

இதைப் படித்த நாளிலிருந்து என் பணிக்காலத்தில் நடந்த சில நிராகரிப்புகளை நான் வேறு விதமாக எண்ணிப் பார்க்கிறேன். நேர்முகத் தேர்வில் தோற்றவரிடம் "உன் உழைப்பு போதவில்லை" என்று சொல்வது நம் வழக்கம். உழைப்பு போதுமானதாகவே இருந்து, அது தொங்கிய ஓலைதான் பொருந்தாமல் போயிருக்கலாம் என்பது நமக்கு எளிதில் தோன்றுவதில்லை. நிராகரிப்பை ஏற்றுக்கொள்வது என்றால் தன்னைத் தாழ்வாக ஏற்றுக்கொள்வது என்று நாம் குழப்பிக்கொள்கிறோம். குருவி இரண்டாவதைச் செய்வதாக எனக்குத் தெரியவில்லை. அதன் மனத்தில் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரிய வாய்ப்பில்லை. அடுத்த நாரை எடுக்கப் போகிறது என்பது மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது.

ஆள்காட்டிக் குருவியும் இந்த வகைதான். வெயில் கொளுத்தும் மாதங்களில், வெறும் தரையில், கூழாங்கற்களுக்கு நடுவே, கூடு என்று சொல்ல எதுவுமில்லாத சிறு பள்ளத்தில் அது நான்கு முட்டைகளை இடும். சூடு மிகும்போது நீர்நிலைக்குப் போய் வயிற்று இறகை நனைத்து வந்து முட்டைகளின் மேல் உட்காரும். ஆடுமாடு மிதிக்கலாம், கீரி தின்னலாம், டிராக்டர் ஏறலாம். முட்டைகள் போய்விட்டால் சில காலத்தில் மறுபடியும் இடும். ஆனால் போவதற்கு முன்பு அது எத்தனை கூச்சலிடும், இறக்கை ஒடிந்ததுபோல நடித்து எப்படி நம்மைத் திசைதிருப்பும் என்பதைக் கண்டவர்கள், அதைப் பொறுமையின் உருவம் என்று சொல்லமாட்டார்கள். காப்பாற்றுவதற்கு வழி இருக்கும்வரை அது எதையும் ஏற்றுக்கொள்வதில்லை. இழந்த பிறகு இழந்ததின் மேல் நிற்பதும் இல்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால், கிடைப்பது அரைப் பாடம்தான்.

இனி, எனக்கு இன்றும் பார்க்கக் கடினமாக இருப்பதைச் சொல்கிறேன். வேடந்தாங்கல் ஏரிக்கரையில் நின்று தொலைநோக்கி வழியாகக் கொக்குக் கூடுகளைப் பார்ப்பவர்கள், குஞ்சுகள் ஒரே அளவில் இல்லாததைக் கவனித்திருக்கலாம். உண்ணிக்கொக்கு எல்லா முட்டைகளையும் இட்டு முடிக்கும்வரை காத்திருந்து அடைகாப்பதில்லை. முதல் முட்டையிலிருந்தே அடைகாக்கத் தொடங்கிவிடுகிறது. அதனால் குஞ்சுகள் நாள் இடைவெளிவிட்டுப் பொரிகின்றன. முதலில் வந்தது பெரிதாகவும் கடைசியாக வந்தது மிகச் சிறியதாகவும் இருக்கும். பெற்ற பறவை இரையுடன் வந்து இறங்கியதும் பெரிய குஞ்சு அதன் அலகைப் பற்றி இழுத்துத் தின்கிறது. சிறியது கழுத்தை நீட்டினால் அண்ணன் அதன் தலையில் கொத்துகிறது. கொத்து வாங்கி வாங்கிச் சிறியது தலையைத் தாழ்த்திக்கொள்ளப் பழகிவிடுகிறது. சில நாட்களில் அது எழுவதில்லை, அல்லது கூட்டிலிருந்து விழுந்துவிடுகிறது. இவை எல்லாம் தாய் தந்தையின் கண்ணெதிரே நடக்கின்றன. அவை தடுப்பதே இல்லை.

ஒருமுறை எனக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, "என்னங்க இது, பெத்தது பாத்துக்கிட்டு நிக்குதே!" என்று பதறிப்போனார். அவருக்கு என்ன பதில் சொல்வது? இரை தாராளமாகக் கிடைக்கும் ஆண்டில் கடைசிக் குஞ்சும் தேறிவிடும், குறைந்த ஆண்டில் மூத்தவையேனும் தேறும் என்பது இதன் பின்னுள்ள கணக்கு என்று பறவையியலாளர்கள் விளக்குகிறார்கள். எல்லாவற்றுக்கும் சமமாகப் பங்கிட்டு எல்லாமே மெலிந்து சாவதைவிட இது மேல் என்பது அதன் பொருள். நானும் அதைத்தான் சொன்னேன். அவருக்கு அது ஆறுதலாக இல்லை. எனக்கும் இல்லை.

ஏற்றுக்கொள்வதற்கு இயற்கை தரும் பயிற்சி உண்மையில் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். அழகான பறவை, அழகான மாலை, அழகான ஏரி என்று இருக்கும்வரை நாம் எதையும் ஏற்றுக்கொள்ளவில்லை, ரசிக்கிறோம் அவ்வளவே. நாம் விரும்பாத ஒன்று, நம்மால் மாற்ற இயலாத ஒன்று, யாரையும் குற்றவாளியாக்க முடியாத ஒன்று கண்முன் நடக்கும்போது, பார்வையை விலக்காமல் நிற்க முடிகிறதா என்பதுதான் கேள்வி. அந்தக் கொக்கு கொடுமைக்காரப் பெற்றோரும் இல்லை, தியாகியும் இல்லை. நம் வீட்டு நியாயத்தை அங்கே கொண்டுபோய் வைத்தால், கொக்கையும் தப்பாகப் புரிந்துகொள்வோம், வீட்டையும் தப்பாகப் புரிந்துகொள்வோம். காக்கை தன் கூட்டில் குயிலின் குஞ்சுக்கு ஊட்டுவதைப் பார்த்து, பிறர் பிள்ளையையும் தன் பிள்ளையாக ஏற்கும் பெருந்தன்மை என்று புகழ்பவர்கள் இருக்கிறார்கள். காக்கை ஏமாந்திருக்கிறது. வளர்ந்த குயிலைக் கண்டால் அதே காக்கை துரத்தித் துரத்தி அடிக்கும். பறவையிடமிருந்து பாடம் எடுக்க அவசரப்படுபவர்கள் இதுபோல் பாதியைத்தான் பார்க்கிறார்கள்.

பறவைகளைப் பார்ப்பதைவிடப் பறவைகள் இல்லாததைப் பார்த்த ஒரு பருவம் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது. 2016-ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 விழுக்காடு குறைந்தது. மழை பெய்து ஏரி நிரம்பினால்தான் நீருக்குள் நிற்கும் கடப்ப மரங்களைச் சுற்றித் தண்ணீர் தேங்கும். சுற்றிலும் தண்ணீர் இருந்தால்தான் கூட்டுக்குப் பாதுகாப்பு, பக்கத்து நீர்நிலைகளில் மீன் இருந்தால்தான் குஞ்சுகளுக்கு இரை. அந்த ஆண்டு வேடந்தாங்கலில் இரண்டும் இல்லை. கூழைக்கடாவும் கரண்டிவாயனும் அரிவாள் மூக்கனும் நத்தைகுத்தி நாரையும் நெருக்கியடித்துக்கொண்டு கூடு கட்டும் மரங்கள், வெடித்த சேற்றில் வெறுமையாக நின்றன. பறவைகள் எங்கே போயின? தண்ணீர் இருந்த வேறு இடங்களுக்குப் போயிருக்கும். பல நீர்ப்பறவைகள் வறட்சி ஆண்டில் கூடு கட்டுவதையே விட்டுவிடுகின்றன. பழகிய ஏரி என்பதற்காக அவை அங்கேயே வந்து வாடிக்கொண்டிருக்கவில்லை.

விரும்பியதைக் காண முடியாமல் திரும்புவது பறவை பார்ப்பவனுக்கு வாடிக்கையான ஒன்று. ஆனால் அதை எப்படி எடுத்துக்கொள்கிறோம் என்பதற்கு ஓர் ஒழுங்குமுறையே இருக்கிறது என்பதைப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் சேர்ந்த பிறகுதான் அறிந்தேன். 2015-இல் தொடங்கி ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறை நாட்களில் தமிழ்நாடு முழுவதும் ஆர்வலர்கள் நடத்தும் கணக்கெடுப்பு அது. விதிகள் எளியவை. ஓரிடத்தில் குறைந்தது பதினைந்து நிமிடம் பார்க்க வேண்டும். கண்டதும் கேட்டதுமாக, அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் எண்ணிக்கையோடு எழுத வேண்டும். பறவைப் பதிவுகளைத் திரட்டும் இ-பேர்ட் (eBird) இணையதளத்தில் பட்டியலை ஏற்றும்போது, அடையாளம் காண முடிந்த அனைத்தையும் குறித்திருக்கிறீர்களா என்று ஒரு கேள்வி வரும். ஆம் என்று சொன்னால்தான் அந்தப் பட்டியல் முழுமையானது.

சிறிய விதி என்று தோன்றும். கடைப்பிடித்துப் பார்த்தால்தான் அதன் கடுமை தெரியும். வரித்தலை வாத்தைப் பார்க்க என்று விடியற்காலையில் எழுந்து போயிருப்போம். அங்கே இருப்பது ஆறு காக்கை, நான்கு மைனா, ஒரு மடையான். மனம் காக்கையைத் தாண்டிப் போகத் துடிக்கும். ஆனால் காக்கையைத்தான் எழுத வேண்டும், அதுவும் எண்ணி எழுத வேண்டும். நாம் எதிர்பார்த்துப் போனதற்குப் பட்டியலில் இடமே கிடையாது, வந்ததற்கு மட்டும்தான் இடம். மேலும், ஓர் ஏரியில் ஒரு பறவை இல்லை என்பது, முழுமையான பட்டியல்களில் அது தொடர்ந்து விடுபட்டிருப்பதிலிருந்துதான் பிறருக்குத் தெரியவரும். ஆகவே வெறுங்கையோடு திரும்பிய காலையும் வீண் அல்ல, எழுதப்பட்டிருந்தால். என் வாழ்வில் தியானம் பழக நான் எடுத்த முயற்சிகள் எவையும் இந்தப் பதினைந்து நிமிடத்துக்கு ஈடாகவில்லை என்று சொன்னால் என் மனைவி சிரிக்கிறாள். அவள் சிரிப்பதும் நியாயமே. ஆனாலும் உண்மை அதுதான்.

இதுவரை பறவையைப் பார்க்கும் மனிதனைப் பற்றிச் சொன்னேன். பறவையோடு வாழும் மனிதர்களை விட்டுவிட்டு இதைப் பற்றிப் பேச முடியாது. எனக்குத் தெரிந்த வரையில், ஏற்றுக்கொள்வதன் முழு விலையையும் கொடுப்பவர்கள் அவர்கள்தான்.

திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரி வட்டத்தில் உள்ள கூந்தன்குளத்துக்குப் போனவர்கள் அறிவார்கள். அங்கே பறவைகள் குளத்தோடு நிற்பதில்லை, ஊருக்குள் வருகின்றன. வீட்டுக் கொல்லையில் இருக்கும் வேப்பமரத்திலும் கருவேல மரத்திலும் மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டும். பைனாகுலர் தேவையில்லை, திண்ணையில் உட்கார்ந்தாலே போதும். படத்தில் பார்ப்பவர்களுக்கு இது சொர்க்கம். அங்கே சில மணி நேரம் இருந்தால் வேறு சிலவும் தெரியும். எச்சம் ஓட்டின் மேலும் முற்றத்திலும் வெள்ளையடித்தாற்போல் விழுந்திருக்கும். குஞ்சுகளுக்கு ஊட்டும்போது தவறி விழுந்த மீன்கள் மரத்தடியில் கிடந்து நாறும். குஞ்சுகளின் இரைச்சல் இரவிலும் ஓய்வதில்லை. துணி காயப்போட இடம் தேட வேண்டியிருக்கும். இதை ஒரு நாள் பொறுத்துக்கொள்வது பெரிதில்லை, நாம் மாலையில் பேருந்து ஏறிவிடுவோம். அவர்கள் தலைமுறைகளாக இதனோடு வாழ்கிறார்கள். தாய்வீட்டுக்குப் பிரசவத்துக்கு வரும் மகள் என்றுதான் அந்த ஊரார் இந்தப் பறவைகளைச் சொல்வார்கள். மரத்திலிருந்து தவறி விழும் குஞ்சுகளை எடுத்து மீன் கொடுத்து வளர்த்து விடுவதும் அங்கே வழக்கம். அரசு அந்த இடத்தைச் சரணாலயமாக அறிவித்தது 1994-இல்தான். ஊர் அதற்கு வெகு காலம் முன்பே அறிவித்துவிட்டிருந்தது.

சிவகங்கை மாவட்டத்தில் திருப்பத்தூருக்கு அருகில் வேட்டங்குடி இருக்கிறது. அதை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டியில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பறவைகள் மிரளும் என்பதற்காகப் பல பத்தாண்டுகளாகவே அப்படித்தான். ஒவ்வொரு தீபாவளிக்கும் வனத்துறையினர் இனிப்போடு அந்த ஊருக்குப் போவதைச் செய்தித்தாள்களில் பார்த்திருப்பீர்கள். பெரியவர்கள் வெடிக்காமல் இருப்பது பெரிய காரியமில்லை, அங்கே வளரும் பிள்ளைகள் அதைக் கேட்காமல் இருப்பதுதான் எனக்கு வியப்பு.

இந்த ஊர்களில் யாரும் பறவைகளைத் தரிசித்து ஞானம் பெற்றதாகச் சொல்லிக்கொள்வதில்லை. வேடந்தாங்கல் விவசாயிகளிடம் கேட்டால் கணக்காகப் பதில் வரும்: எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்குப் பாய்ந்தால் உரச் செலவு குறைகிறது. கொடுத்தல் வாங்கல் உள்ள உறவு அது. அதனால் அதன் மதிப்பு குறைந்துவிடவில்லை, நீடித்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். முழுக்க முழுக்கத் தியாகத்தின் மேல் நிற்கும் எந்த ஏற்பும் மூன்று தலைமுறை தாங்கும் என்று நான் நம்பவில்லை.

அதே வேடந்தாங்கல் மக்களின் வரலாற்றில் இன்னொன்றும் இருக்கிறது. ஏரிக்கு வந்து பறவைகளைச் சுட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்களைப் பற்றி அவர்கள் மேலிடத்தில் முறையிட்டார்கள். 1798-இல் செங்கல்பட்டு ஆட்சியரிடமிருந்து, இங்கே யாரும் பறவைகளைச் சுடக்கூடாது என்ற உறுதியை எழுத்தில் பெற்றார்கள். 1858-இல் அதைப் புதுப்பித்துக்கொள்ளவும் செய்தார்கள். கும்பினி ஆட்சியில், துப்பாக்கி வைத்திருப்பவனுக்கு எதிராக, ஏரிப் பாசனத்தை நம்பிய குடியானவர்கள் செய்த காரியம் இது. எச்சத்தையும் இரைச்சலையும் ஏற்றுக்கொண்ட அதே மக்கள் துப்பாக்கியை ஏற்றுக்கொள்ளவில்லை. 2020-இல், ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் ஆரத்தில் இருந்த சரணாலய எல்லையை மூன்று கிலோமீட்டராகச் சுருக்கலாம் என்ற முன்மொழிவு வந்தபோதும் கடும் எதிர்ப்பு எழுந்தது. அப்போது என் நண்பர் ஒருவர், "பறவைகளே எல்லாவற்றுக்கும் பழகிக்கொள்கின்றன, நாம் ஏன் கத்த வேண்டும்?" என்று கேட்டார். குப்பைமேட்டில் உண்ணிக்கொக்கு நிற்கிறது என்பதை அதற்குச் சான்றாகக் காட்டினார். குப்பைமேட்டில் உண்ணிக்கொக்கும் காக்கையும் பருந்தும் இருக்கும்தான். அங்கே இல்லாமல் போன பறவைகளை அவர் எண்ணவில்லை. பழகிக்கொள்ள முடியாத பறவை போராட்டம் நடத்தாது, மனுக் கொடுக்காது, வராமல் நின்றுவிடும். அதைப் பழகிக்கொண்டது என்று நாம் எழுதிக்கொள்கிறோம்.

கடைசியாக, என் சொந்த விஷயம் ஒன்று. சில ஆண்டுகளாக என் காதில் மெல்லிய, உச்ச ஒலிகள் விழுவதில்லை. செம்போத்தின் அடித்தொண்டைக் குரல் நன்றாகக் கேட்கிறது. மைனா, தவிட்டுக்குருவி, தையல்சிட்டு எல்லாம் கேட்கின்றன. மாமரத்தில் புல்லுருவிப் பழத்துக்கு வரும் பூக்கொத்தியின் கூர்மையான 'டிக் டிக்' மட்டும் எனக்கு இல்லாமல் போய்விட்டது. பக்கத்து வீட்டில் கல்லூரியில் படிக்கும் பெண் என்னோடு அவ்வப்போது பறவை பார்க்க வருவாள். அவள்தான் முதலில் கேட்டாள்: "மாமா, தலைக்கு மேலேயே பூக்கொத்தி கத்துது, கேக்கலையா?" நான் மரத்தைப் பார்த்தேன். அசையும் இலை தெரிந்தது, ஒலி இல்லை. ஒரு பறவை அங்கே இருந்தது. எனக்கு மட்டும் அது இல்லை.

மருத்துவர் சோதித்துவிட்டு, வயதானால் வருவதுதான் என்றார். உட்செவியில் ஒலியை உணரும் நுண்மயிர் உயிரணுக்கள் அழிந்தால் நமக்கு மறுபடி முளைப்பதில்லை. வீட்டுக்கு வந்து இதைப் பற்றிப் படித்தபோது, எனக்குச் சிரிப்பு வந்த ஒரு செய்தி கிடைத்தது. பறவைகளுக்கு அவை மறுபடி முளைக்கின்றன. கோழிக்குஞ்சுகளிலும் காடைகளிலும் சேதப்படுத்தப்பட்ட உட்செவி உயிரணுக்கள் திரும்ப வளர்வதை 1988-இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பெருத்த இரைச்சலால் செவி கெட்ட பறவை சில வாரங்களில் பெருமளவு தேறிவிடுகிறது. பாலூட்டிகளான நமக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. ஆக, இந்த ஒரு விஷயத்தில் எனக்கு ஏற்றுக்கொள்ளக் கற்பிக்கும் தகுதி எந்தப் பறவைக்கும் கிடையாது. இந்த இழப்பு அவற்றுக்குத் தெரியவே தெரியாது.

அதனால் நான் எனக்குத் தெரிந்த ஒன்றைத்தான் செய்தேன். காதுக் கருவி வாங்கிப் போட்டுக்கொண்டேன். பேச்சு தெளிவாகக் கேட்கிறது, சில பறவைகள் திரும்பியிருக்கின்றன. பூக்கொத்தி திரும்பவில்லை, காற்றின் இரைச்சல் வேண்டாத அளவுக்குத் திரும்பியிருக்கிறது. பட்டியலில் நான் கண்ணால் கண்ட பூக்கொத்தியை மட்டும் எழுதுகிறேன். அந்தப் பெண்ணுக்கு இதில் உடன்பாடில்லை. இருவரும் ஒன்றாகப் போனால் ஒரே பட்டியலைப் பகிர்ந்துகொள்ளலாம், ஒருவர் கேட்டதை மற்றவர் பட்டியலிலும் வைத்துக்கொள்ளலாம் என்கிறாள். எனக்குக் கேட்காததை என் பட்டியலிலிருந்து நீக்கிவிடத் தளத்தில் வசதி இருக்கிறது, நான் நீக்குகிறேன். "நீங்க எடுத்துட்டா அங்க பூக்கொத்தி இல்லன்னு ஆயிடுமா?" என்று கேட்கிறாள். ஆகாது, உன் பட்டியலில் இருக்கிறதே என்கிறேன். பிடிவாதம் என்கிறாள். இந்த வழக்கு இன்னும் தீரவில்லை. வரும் பொங்கல் கணக்கெடுப்பிலும் தொடரும் என்றே நினைக்கிறேன்.